ஜெர்மன் பாட்டுக்கு உச்சரிப்பு: ஐந்து வழிகளில் எது யாருக்கு?

ஷூபர்ட், ஷூமன், பிராம்ஸ் போன்ற இசையமைப்பாளர்களின் ஜெர்மன் லீட் பாடல்களை (கவிதைக்கு இசையமைத்து பியானோ துணையோடு பாடுபவை) கையில் எடுப்பவர்களில் பலர் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். சுரம் பிடிபட்டுவிடும், தாளம் பிடிபட்டுவிடும், சொற்கள் மட்டும் வாயில் உட்காராது. அங்கிருந்துதான் கேள்விகள் கிளம்புகின்றன. தமிழில் எழுதிவைத்துப் பாடினால் போதுமா? நல்ல பாடகரின் பதிவைக் கேட்டு அப்படியே பின்பற்றலாமா? ஒலிகளைக் குறிக்கும் ஐபிஏ குறியீடுகளைப் படிப்பதா, ஜெர்மன் மொழியையே படிப்பதா, அல்லது உச்சரிப்புப் பயிற்சியாளரிடம் போவதா? ஐந்தும் நடைமுறையில் உள்ள வழிகள்தான். ஒவ்வொன்றும் எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்று பார்ப்போம்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் இலக்கு தெளிவாக வேண்டும். மேடையில் பாடும் ஜெர்மனும் தெருவில் பேசும் ஜெர்மனும் ஒன்றல்ல. மேடைக்கென்று ஜெர்மன் மொழியறிஞர் தியோடோர் சீப்ஸ் 1898-இல் தொகுத்த உச்சரிப்பு விதிகளின் வழியில் வந்த மரபு இன்றும் பாடகர்களிடம் இருக்கிறது. பேச்சில் 'ர' பெரும்பாலும் தொண்டையில் பிறக்கும். பாட்டில் நாக்கு நுனியில் பிறக்கும் 'ர'வே வழக்கம். பேச்சில் 'ஹாபென்' என்ற சொல் 'ஹாப்ம்' என்று சுருங்கும். பாட்டில் இரண்டாம் அசைக்கும் இசையமைப்பாளர் ஒரு சுரம் கொடுத்திருப்பார், அதை விழுங்க முடியாது. எந்த வழியைத் தேர்ந்தாலும் அது இந்த இலக்குக்குக் கொண்டுபோகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, நீண்ட சுரத்தில் உயிரொலி தன் நிறத்தோடு நிற்கிறதா என்பது. என் கணக்கில் இதுதான் மற்றெல்லாவற்றையும்விடப் பெரிய அளவுகோல். தமிழில் இ, ஈ இரண்டுக்கும் முக்கிய வேறுபாடு நீளம். ஜெர்மனில் குறிலும் நெடிலும் நீளத்தில் மட்டுமல்ல, ஒலியின் நிறத்திலும் வேறுபடும்: நெடில் இறுக்கமாகவும் குறில் சற்றுத் திறந்தும் இருக்கும். பாட்டிலோ நீளத்தைத் தீர்மானிப்பது சுரம். 'பிஸ்ட்' என்ற குறில் சொல்லுக்கு நான்கு எண்ணிக்கை சுரம் வந்தால் நம் நாக்கு தானாக 'பீஸ்ட்' என்று இழுத்துவிடும். முதலாவது, 'நீ இருக்கிறாய்' என்பதில் வரும் வினைச்சொல். இரண்டாவது, விலங்கு. காதல் பாட்டில் காதலியை மிருகமாக்க வேறெதுவும் வேண்டியதில்லை. 'ஃப்யூலென்' நெடிலானால் உணர்வது, குறிலானால் நிரப்புவது. இப்படிப்பட்ட இணைகள் ஜெர்மனில் ஏராளம்.

மீதி அளவுகோல்கள் சுருக்கமாக: இன்று படித்தது அடுத்த பாட்டுக்கும் உதவுமா, தப்பு செய்தால் சொல்ல ஆள் உண்டா, முதல் பாட்டு மேடையேற எவ்வளவு காலம் ஆகும், சொல்லின் எல்லையும் அழுத்தமும் கண்ணில் படுமா.

| வழி | உயிரொலியின் நிறம் | அடுத்த பாட்டுக்கு | தப்பைச் சொல்ல | முதல் பாட்டுக்கு | சொல் எல்லை, அழுத்தம் |
|---|---|---|---|---|---|
| தமிழ் எழுத்து | தெரியாது | உதவாது | யாருமில்லை | சில மணி நேரம் | தெரியாது |
| பதிவைக் கேட்டல் | காதைப் பொறுத்தது | கொஞ்சம் | யாருமில்லை | சில நாள் | அழுத்தம் கேட்கும் |
| ஐபிஏ | துல்லியம் | முழுதாக | யாருமில்லை | சில வாரம் | குறித்திருந்தால் தெரியும் |
| மொழிப் படிப்பு | ஓரளவு | முழுதாக | ஆசிரியர், ஆனால் பேச்சுக்கு | பல மாதம் | நன்றாகத் தெரியும் |
| பயிற்சியாளர் | துல்லியம் | நீங்கள் குறித்துக்கொண்ட அளவு | உண்டு | சில அமர்வு | சொல்லித்தருவார் |

## தமிழில் எழுதிவைத்துப் பாடுவது

வேகத்தில் இதை மிஞ்ச எதுவுமில்லை. ஆனால் தமிழ் எழுத்தைப் பார்த்ததும் தமிழ்ப் பழக்கங்கள் அத்தனையும் விழித்துக்கொள்ளும். 'நானும் உன்னை நேசிக்கிறேன்' என்கிற மாதிரியான ஒரு சின்ன வரியை எடுத்துக்கொள்வோம்: 'உன்ட் இஹ் ஹாப் டிஹ் லீப்'. ஐந்தே சொல். என்னென்ன நடக்கிறது பாருங்கள்.

முதல் சொல்லின் முடிவில் 'ன்ட்' இருக்கிறது. தமிழில் மூக்கொலிக்குப் பின் வரும் வல்லினம் மென்மையாகிவிடும்: வண்டு, பந்து, பாம்பு. ஆகவே கண் 'உன்ட்' என்று பார்த்தாலும் வாய் 'உண்டு' என்கிறது. ஜெர்மனில் சொல்லின் இறுதியில் வரும் டி, பி, ஜி (d, b, g) எழுத்துகள் குரல் இழந்து வல்லொலியாகும். இங்கே தேவை மூச்சோடு வெடிக்கிற 'ட்'.

இரண்டாவது சொல் உயிரில் தொடங்குகிறது. தமிழில் மெய்யும் உயிரும் புணரும், 'உண்டிஹ்' என்று ஒட்டிக்கொள்ளும். ஜெர்மனில் உயிரில் தொடங்கும் சொல்லுக்கு முன் ஒரு சின்ன வெட்டு உண்டு. பாட்டில் அதை மென்மையாக்கலாம், ஒட்டவைக்கக் கூடாது. கூடவே, பேச்சுத் தமிழில் 'எ'வுக்கு முன் 'ய்' வருவதும் 'ஒ'வுக்கு முன் 'வ்' வருவதும் சகஜம். ஜெர்மன் வரியில் இவை பளிச்சென்று கேட்கும்.

'டிஹ்' என்பதன் முதல் ஒலி நம் 'ட' அல்ல. நாக்கு பின்னால் வளையாமல், மேல்பல்லின் பின்னுள்ள ஈறைத் தொட வேண்டும். கடைசியில் 'லீப்': குற்றியலுகரப் பழக்கம் தலைநீட்டி 'லீப்பு' ஆகும். அரங்கின் கடைசி வரிசைக்குக் கேட்பது அந்த 'உ'தான். 'ஹ்' என்று நான் எழுதியிருப்பதோ வெறும் இடங்காட்டி, அந்த ஒலிக்குத் தமிழில் எழுத்தே இல்லை.

இன்னொன்று: 'ஸிங்கென்' என்று எழுதினால் 'ங்க'வில் ஒரு 'க' ஒலித்தே தீரும். ஜெர்மன் சொல்லில் அந்த 'க' கிடையாது, 'ங்' மட்டும்தான்.

இதன் மறைமுகச் செலவு பின்னால் வரும். தப்பான ஒலி சுரத்தோடு சேர்ந்து தசைக்குள் பதிந்துவிட்டால், அதை எடுத்துவிட்டுத் திரும்பப் பதிப்பது புதிதாகக் கற்பதைவிடக் கஷ்டம். கூட்டுப்பாடல் குழுவில் ஒரேயொரு பாட்டு, நிகழ்ச்சிக்கு இரண்டு வாரம், நடத்துநர் ஒலிகளைச் சொல்லித்தருகிறார் என்றால் இந்த வழி போதும். அப்போதும் மூல வரியின் கீழே எழுதுங்கள், தனித்தாளில் வேண்டாம். ஒட்டக் கூடாத இடத்தில் நிறுத்தற்கோடு, இறுக்கமான உயிரின் கீழே அடிக்கோடு, முடிவில் 'உ' வரக் கூடாத மெய்யின் மேல் இருக்கும் புள்ளியோடு இன்னொரு புள்ளி என்று உங்களுக்கான குறிகளை வைத்துக்கொள்ளுங்கள்.

## பதிவைக் கேட்டுப் பின்பற்றுவது

சொற்றொடரின் ஓட்டம், மெய்யொலி தாளத்துக்கு முன்னால் விழுந்து உயிரொலி தாளத்தில் சரியாக அமர்வது: இவையெல்லாம் காதுவழியே மட்டும் வருகிறவை. எந்தக் குறியீடும் இவற்றைத் தராது. ஆகவே பதிவுகளைத் தவிர்க்க முடியாது. அவற்றை மட்டும் நம்புவதில்தான் சிக்கல்.

காது தனக்குத் தெரிந்த ஒலிகளாகவே எல்லாவற்றையும் வகைப்படுத்தும். 'ஷ்யோன்' (அழகான) என்பதில் உள்ள உயிரைத் தமிழ்க் காது 'ஓ' என்றோ 'ஏ' என்றோ பெட்டியில் போட்டுவிடும். 'ஓ' ஆனால் சொல்லே மாறி 'ஏற்கெனவே' என்று பொருளாகிவிடும்.

யாருடைய பதிவைக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். ஈ, ஊ ஒலிகளுக்கு அடையாளம் தரும் முதல் ஒத்ததிர்வு ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. சோப்ரானோ (உச்சக் குரல் பாடகி) ஒருவர் 880 ஹெர்ட்ஸில் நிற்கும்போது அந்த இடத்தில் ஒலியே கிடையாது. அவர் எந்த உயிரைப் பாடினாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கேட்கும். ஆகவே நீங்கள் சோப்ரானோவாக இருந்தாலும் உயிரொலிகளை பாரிட்டோன் (நடுத்தர ஆண்குரல்) பதிவிலிருந்து கற்றுக்கொள்ளுங்கள். பெர்லினில் பிறந்த டீட்ரிஹ் ஃபிஷர்-டீஸ்கவ் ஏராளமான லீட் பாடல்களைப் பதிவு செய்திருக்கிறார், சொல் தெளிவுக்குப் பேர்போனவர். ஆனால் அவரை மட்டும் கேட்டால் அவருடைய தனிப் பாணியும் சேர்ந்து வரும். எப்போதும் இரண்டு பதிவுகள், அதில் ஒன்று ஜெர்மனைத் தாய்மொழியாகக் கொண்டவருடையது, ஒன்று கடந்த முப்பது ஆண்டுகளுக்குள் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய பதிவுகளில் எல்லா 'ர'வும் உருளும், 'ஃபாட்டர்' என்பதன் கடைசி 'ர' உட்பட. இன்று அழுத்தமில்லாத 'அர்' ஈற்றைப் பலர் உருட்டாமல் 'அ' போலத் தளர்த்திவிடுகிறார்கள். இருவரும் ஒத்துப்போகும் இடத்தை விதியாகவும், வேறுபடும் இடத்தை விருப்பமாகவும் கொள்ளலாம்.

காது கூர்மையானவர்களுக்கு, ஏற்கெனவே ஐபிஏ கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு, இது சிறந்த இரண்டாம் கருவி. முதல் கருவியாக இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## ஐபிஏ குறியீடுகள்

அனைத்துலக ஒலிப்பு நெடுங்கணக்கில் ஓர் ஒலிக்கு ஒரு குறி. பாட்டுக்குத் தேவையான ஜெர்மன் உயிர்கள் 16, கூட்டுயிர்கள் 3. மெய்களில் பாதிக்குமேல் நமக்குப் பழகிய வடிவத்திலேயே இருக்கும். தினமும் அரைமணி ஒதுக்கினால் சில வாரங்களில் படிக்க வரும். ஒருமுறை வந்துவிட்டால் ஜெர்மனோடு நிற்காது, பிரெஞ்சுக்கும் இத்தாலியனுக்கும் அதே குறிகள்தான்.

இதன் பெரிய பள்ளம்: குறி தெரிந்தால் ஒலி வந்துவிடும் என்ற நினைப்பு. குறி என்பது முகவரி மட்டுமே, நாக்கு அங்கே போக வேண்டும். தமிழருக்கு இடறும் ஒலிகளுக்குச் செய்முறை இதோ.

உம்லவுட் யூ (மேலே இரு புள்ளி வைத்த ü). 'ஈ' என்று பிடியுங்கள். நாக்கின் இரு ஓரமும் மேல் கடைவாய்ப் பற்களைத் தொட்டிருக்கும். நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் 'ஊ'வுக்குக் குவியுங்கள். உதட்டை விரித்துக் குவித்து மாற்றி மாற்றிச் செய்து, நாக்கோரம் பல்லை விட்டு நகர்கிறதா என்று கவனியுங்கள். நகர்ந்தால் வெறும் 'ஊ', இல்லையென்றால் உம்லவுட் யூ வந்துவிடும். காரணம், தமிழில் உதடு குவிந்தால் நாக்கும் பின்வாங்கித்தான் பழக்கம். குறிலுக்கு 'ஈ'க்குப் பதில் 'இ'யை எகரத்தின் பக்கம் சற்றே தளர்த்திக்கொண்டு தொடங்குங்கள்.

உம்லவுட் ஓ (ö). இதே வேலை, 'ஏ'யிலிருந்து. குறில் என்றால் திறந்த 'எ'யிலிருந்து.

'இஹ்' ஒலி. 'ஈ' பிடித்து, குரலை நிறுத்தி, மூச்சை மட்டும் விடுங்கள். நாக்கு நுனி கீழ்ப்பல்லின் பின்னே இருக்க வேண்டும், உதடு விரிந்தே இருக்க வேண்டும். நுனி மேலே எழுந்தாலோ உதடு முன்னே வந்தாலோ 'ஷ்' ஆகிவிடும். அதிகம் பேர் செய்யும் தப்பு இதுதான்.

'ஆஹ்' ஒலி. அ, ஒ, உ, அவ் ஆகியவற்றுக்குப் பின் வருவது. 'மகன்', 'அகம்' என்று வேகமாகச் சொல்லும்போது நடுவில் வரும் 'க' முழுதாக அடைபடுவதில்லை அல்லவா? அதே இடம், குரல் இல்லாமல், கூடுதல் மூச்சோடு. தமிழருக்கு இது பாதி கைவசம் உள்ள ஒலி.

ப், ட், க். அழுத்தமுள்ள அசையின் தொடக்கத்தில் மூச்சு வெடிக்க வேண்டும். உதட்டுக்கு முன் ஒரு காகிதத் துண்டைத் தொங்கவிட்டுச் சொல்லிப் பாருங்கள், அசைந்தால் சரி.

ஈற்று 'எ'. 'லீபெ' என்பதன் கடைசி உயிர் முழு 'எ' அல்ல, மங்கலானது. நீண்ட சுரத்தில் வந்தால் உதட்டை லேசாகக் குவித்து வைத்துக்கொள்ளுங்கள், தட்டையாகாது.

கூட்டுயிர் வந்தால் முதல் உயிரிலேயே சுரம் முழுவதும் நின்று, இரண்டாவதைக் கடைசி நொடியில் தொட்டுவிட்டுப் போக வேண்டும். சீக்கிரம் மாறினால் 'மை' என்ற சொல் 'மயீயீ' என்று இழுபடும்.

மறைமுகச் செலவு ஒன்று உண்டு. அகராதியிலுள்ள ஐபிஏ பேச்சுக்கானது: ரகரம் உயிராகிவிட்டிருக்கும், 'ஹாபென்' போன்ற சொற்களின் ஈற்றசை உயிர் மறைந்திருக்கும். இணையத்தில் எழுத்தைப் போட்டால் குறியீடாக மாற்றித்தரும் கருவிகளும் அப்படியே, கூட்டுச்சொல்லின் எல்லையிலும் தடுமாறும். பாடகர்களுக்கென்று தயாரித்த எழுத்துப்பெயர்ப்பையே தேடுங்கள். பழைய இசைத்தாள்களில் இன்னொரு வலை இருக்கிறது. 1996 சீர்திருத்தத்துக்குப் பின் எஸ்ஸெட் (ß) எழுத்துக்கு முன்னுள்ள உயிர் நெடில் அல்லது கூட்டுயிர் என்று நம்பலாம். அதற்கு முந்தைய தாளில் 'தாஸ்', 'முஸ்' போன்ற குறில் சொற்களையும் எஸ்ஸெட் போட்டே அச்சிட்டிருப்பார்கள். 1901-க்கு முந்தைய பதிப்பில் டி-ஹெச் (th) என்று வரும் இடமெல்லாம் வெறும் 'ட்'தான்.

## ஜெர்மன் மொழியையே படிப்பது

கோத்தே நிறுவனத்தின் மதிப்பீட்டில் ஏ1 என்ற தொடக்க நிலைக்கே 45 நிமிடப் பாடவேளைகள் 80 முதல் 200 வரை ஆகும். இரண்டு மாதத்தில் கச்சேரி என்றால் இந்தப் பக்கம் வர வேண்டாம். வகுப்பில் சொல்லித்தருவது பேச்சு உச்சரிப்பு. தென்பகுதியைச் சேர்ந்த ஆசிரியர் 'ஏவிஹ்' (என்றென்றும்) என்பதை 'ஏவிக்' என்பார், சொல்லின் தொடக்கத்தில் வரும் எஸ்ஸைக் குரலில்லாமல் சொல்வார். அவர் பேச்சில் அது தப்பில்லை, மேடை மரபுக்கு மட்டும் பொருந்தாது. கவிதையின் சொல்வரிசை, பழைய வினைவடிவங்கள் எதுவும் ஏ1 பாடத்தில் வராது.

ஆனால் வேறு எந்த வழியும் தராத ஒன்றை இது தருகிறது: சொல் எங்கே உடைகிறது என்ற அறிவு. எஸ்-டி (st) ஜோடி சொல்லின் தொடக்கத்தில் 'ஷ்ட்' ஆகும் என்று விதி. 'லீபெஸ்ட்ரவ்ம்' என்ற சொல்லில் அதே ஜோடி நடுவில் வருகிறது. இது 'லீபெஸ்', 'ட்ரவ்ம்' என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை என்று தெரிந்தவர் 'ஸ்ட்' என்பார், தெரியாதவர் 'லீபெஷ்ட்ரவ்ம்' என்பார். 'ஏவிஹ்'கூட உயிர் ஏற்றால் 'ஏவிகெ' என்று 'க'வுக்குத் திரும்பிவிடும். இலக்கணம் தெரிந்தால் இவை மனப்பாடம் செய்ய வேண்டிய விதிவிலக்குகளாகவே தோன்றாது.

ஓபராவையோ லீட் பாடலையோ தொழிலாகக் கொள்ளப் போகிறவர்கள், ஜெர்மனியிலோ ஆஸ்திரியாவிலோ படிக்க விண்ணப்பிக்கப் போகிறவர்கள் தள்ளிப்போடாமல் தொடங்க வேண்டிய வழி இது.

## உச்சரிப்புப் பயிற்சியாளர்

தப்பை அந்த நொடியிலேயே பிடிக்கிற ஒரே வழி. அதனால்தான் விலையும் கூடுதல். அந்த விலையைப் பலர் வீணடிக்கிறார்கள்: வரியை முதல்முறை வாசிக்கவே அமர்வுக்கு வருகிறார்கள். எந்த எழுத்து எந்த ஒலி என்பதைப் புத்தகம் சொல்லித்தரும், அதற்கு மணிக்கணக்கில் ஆளுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். உங்கள் 'யூ' உயர்ந்த சுரத்தில் ஏன் பின்னுக்குப் போகிறது என்பதை எந்தப் புத்தகமும் சொல்லாது. அதைச் சொல்லத்தான் பயிற்சியாளர்.

பாடகர்களோடு வேலை செய்தவரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஜெர்மன் தாய்மொழி என்ற ஒரே தகுதியோடு வருபவர் பேச்சு ஜெர்மனுக்கே இழுப்பார். காணொளி அழைப்பில் வகுப்பு என்றால் இரைச்சல் நீக்கும் வசதியை இரு பக்கமும் அணைத்துவிடுங்கள் (ஜூம் செயலியில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற அமைப்பு). நீட்டிப் பிடித்த சுரத்தையும் 'ஹ்', 'ஸ்', 'ஃப்' போன்ற உரசொலிகளையும் மென்பொருள் இரைச்சல் என்று நினைத்து மழுக்கிவிடும். பிறகு பயிற்சியாளர் கேட்காத ஒலியைத் திருத்த முடியாமல் உட்கார்ந்திருப்பார்.

## எந்தச் சூழலில் எது

ஆண்டுக்கு ஓரிரு ஜெர்மன் பாட்டு, அதுவும் குழுவோடு: தமிழ் எழுத்து, இரண்டு பதிவுகள், மேலே சொன்ன ஆறு ஒலிகளுக்கான பயிற்சி. அதற்குமேல் செலவழிக்க வேண்டாம்.

தனியாக மேடையேறுபவர், தேர்வு எழுதுபவர், ஆண்டுக்கு நாலைந்து பாட்டாவது சேர்ப்பவர்: ஐபிஏதான் முதுகெலும்பு. முதல் பாட்டுக்கு நீங்களே குறியீடு எழுதுங்கள், பிறகு அச்சில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். வேறுபட்ட இடங்களே உங்கள் பலவீனங்களின் பட்டியல். அந்தப் பட்டியலோடு பயிற்சியாளரிடம் இரண்டு மூன்று அமர்வு போனால் போதும். பத்து அமர்வு எடுத்தவரைவிட நீங்கள் முன்னால் இருப்பீர்கள்.

காது நன்றாக இருக்கிறது, குறியீடுகளைக் கண்டாலே அலுப்பு என்பவருக்கு: பயிற்சியாளரையே வரியை மெதுவாக வாசிக்கச் சொல்லி, ஒருமுறை பேச்சுவேகத்தில், ஒருமுறை தாளத்தில், பதிவு செய்துகொள்ளுங்கள். கச்சேரிப் பதிவைவிட அந்தச் சில நிமிட ஒலிக்கோப்பு பயன்படும், பியானோ மறைக்காத மெய்யொலிகள் அதில்தான் கிடைக்கும்.

தொழிலாகக் கொள்பவருக்கு ஐபிஏயும் மொழிப் படிப்பும் ஒரே நேரத்தில். வகுப்பில் தொண்டை 'ர'வில் பேசிவிட்டு மாலையில் நாக்கு நுனி 'ர'வில் பாடுவது முதலில் குழப்பும். பேச்சையும் பாட்டையும் தனித்தனிப் பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள், வகுப்பில் பாட்டு உச்சரிப்பைக் கொண்டுபோய்த் திணிக்க வேண்டாம்.

பயிற்சியாளரிடம் போகும்போது இசைத்தாளைத் தவிர இன்னொரு தாளும் வேண்டும். இடைவெளி விட்டு நான்கு வரி: மூல வரி, ஐபிஏ, சொல்லுக்குச் சொல் தமிழ்ப் பொருள், திருத்தங்களுக்கு ஒரு வெற்று வரி. அமர்வு முடியும்போது அந்த வெற்று வரி காலியாகவே இருந்தால் பயிற்சியாளரை மாற்றிப் பாருங்கள்.